அண்ணன் வீட்டில் கிறிஸ்துமஸ்: செலவை உடன்பிறந்தவர்கள் பகிர்ந்துகொள்வது எப்படி?

பாளைமருமகள்
5 அக்டோபர் 2025

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கிறிஸ்துமசுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. டிசம்பரில் கேட்டால் பயனில்லை, அதற்குள் செலவு நடந்து முடிந்திருக்கும். அதனால் இப்போதே கேட்கிறேன்.

என் கணவர் வீட்டில் பிள்ளைகள் நான்கு பேர். பெரிய அத்தான் பாளையங்கோட்டையில் உதவி பெறும் பள்ளி ஆசிரியர். அத்தை அவரோடுதான் இருக்கிறார்கள். நடு அத்தான் பெங்களூரில், மதினி மதுரையில், கடைக்குட்டியான என் கணவர் சென்னையில். மாமா இறந்த பிறகும் ஒரு வருடம்கூட விடாமல் எல்லோரும் பாளை வீட்டில்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறோம். டிசம்பர் 24 காலையில் போய் இறங்கினால் புத்தாண்டு ஆராதனை முடிந்த பிறகுதான் கிளம்புவோம். பிள்ளைகளோடு சேர்த்துப் பதினேழு பேர்.

இத்தனை பேருக்கும் ஆகிற செலவை அத்தான் ஒருவரே செய்கிறார். நாங்கள் கேக் வாங்கிக்கொண்டு போவோம், பழம் வாங்கிக்கொண்டு போவோம். பணம் கொடுத்தால் வாங்கமாட்டார். ஒருமுறை என் கணவர் கவரில் வைத்துக் கொடுத்ததை என் மகன் சட்டைப்பையிலேயே திருப்பி வைத்து அனுப்பிவிட்டார்.

இந்த ஈஸ்டருக்கு ஊருக்குப் போயிருந்தபோது கேஸ் பதிவு எண்ணைத் தேடி எடுக்கச் சொன்னார்கள். பெரிய அக்காவின் (என் ஓரகத்தி) கணக்கு நோட்டில் எழுதியிருக்கும் என்றார்கள். பழைய வருகைப் பதிவேட்டின் எழுதாத தாள்களைக் கிழித்துக் கோத்துத் தைத்த நோட்டு அது. புரட்டியபோது டிசம்பர் கணக்கு கண்ணில் பட்டது. மளிகை 11,400. கறி, மீன், கோழி 16,800. பலகாரம் 7,200. கேக் 4,500. சிலிண்டர் இரண்டு 1,800. வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் கீதபவனிக் குழுக்களுக்கு 3,000. கோவில் காணிக்கை 5,000. எல்லோருக்கும் துணி 18,000. நட்சத்திரம், குடில், விளக்கு 1,900. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குச் சேலையும் பணமுமாக 2,500. மொத்தம் 72,100 என்று கீழே அடிக்கோடு போட்டிருந்தது. அந்தப் பக்கத்திலேயே ஊசியால் குத்தி வைத்திருந்தது ஓர் அடகு ரசீது. இரண்டு வளையல்கள். தேதி டிசம்பர் 19. ஈஸ்டர் வரை மீட்கவில்லை.

அத்தானுக்கு வருகிற மே மாதத்துடன் பணி முடிகிறது. என் கணவரிடம் சொன்னேன். "அண்ணனிடம் பணக்கணக்குப் பேசினால் அவர் மனம் விட்டுப்போகும்" என்கிறார். பேசாமல் இருந்தால் அக்காவின் கை வெறுங்கையாகப் போகும். என்ன செய்யலாம்? இப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

நாசரேத்ஆசிரியை
5 அக்டோபர்

பணமாகக் கொடுக்காதீர்கள் அம்மா. அண்ணன் தம்பிக்குள் கவர் கொடுப்பது ஓட்டலில் பில் கொடுப்பது போல ஆகிவிடும், அவர் வாங்கமாட்டார்தான். பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். "இந்த வருடம் துணி முழுவதும் எங்கள் பொறுப்பு, அளவு மட்டும் அனுப்புங்கள்" என்று இப்போதே சொல்லிவிடுங்கள். நடு அத்தான் கறியும் மீனும். மதினி மளிகை. ஒவ்வொருவரும் ஒரு வேலையைக் கையில் எடுத்துவிட்டால் அவரிடம் பணம் நீட்டவேண்டிய இடமே வராது.

எங்கள் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. என் தம்பி கறி எடுப்பான். எந்தக் கடை, எத்தனை கிலோ, எத்தனை மணிக்குப் போகவேண்டும் எல்லாம் அவன் பொறுப்பு. 24ஆம் தேதி பின்னிரவில் கறிக்கடையில் நிற்பது அவனுக்கு ஒரு பெருமை. அதிகாலை ஆராதனை முடிந்து நாங்கள் வரும்போது கறி வெந்துகொண்டிருக்கும்.

மெஞ்ஞானபுரத்தான்
5 அக்டோபர்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தங்கை வருத்தப்படக் கூடாது.

நானும் மூத்தவன்தான். அப்பா இருந்த இடத்தில் நின்று தம்பி தங்கைகளுக்குச் சோறு போடுவது ஒரு சுமை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வருடம் முழுவதும் இந்த வீட்டில் நானும் மனைவியும் அம்மாவும் மூன்று பேராகச் சாப்பிடுகிறோம். பெரிய சட்டி அடுப்பில் ஏறுவது அந்தப் பத்து நாள்தான். அதற்கும் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டால், நான் அவர்களுக்கு அண்ணனா, விடுதிக் காப்பாளனா? உங்கள் அத்தான் கவரைத் திருப்பி வைத்தது கௌரவத்துக்காக மட்டும் இருக்காது. அது அவர் சந்தோஷம். அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, அடுத்தவர் கணக்கு நோட்டைப் பார்த்ததைக் காரணம் காட்டிப் பேச்சைத் தொடங்கினால் அந்த வீட்டுப் பெண்மணிக்கு அதைவிடத் தலைக்குனிவு வேறு இல்லை.

தக்கலைக்காரி
5 அக்டோபர்

மெஞ்ஞானபுரத்து அண்ணாச்சி, உங்கள் சந்தோஷத்துக்கு அடகுக்குப் போன வளையல் யாருடையது? அவர் மனைவியுடையது. அந்த அம்மாவிடம் யாராவது சந்தோஷமா என்று கேட்டார்களா? சட்டியை அடுப்பில் ஏற்றுவது நீங்கள் இல்லை, உங்கள் வீட்டு அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. என் அம்மா இப்படியே கைவளையலை வைத்து வைத்து மீட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

கணக்குப்பிள்ளை
6 அக்டோபர்

கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் பல வருடங்கள் இருந்து ஓய்வு பெற்றவன். டிசம்பர் இரண்டாம் வாரம் தொடங்கினால் கிறிஸ்தவக் குடும்பங்கள் நகையோடு வரிசையில் நிற்பதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு முன்பு இந்துக் குடும்பங்கள், ஜூன் தொடக்கத்தில் பள்ளிக் கட்டணத்துக்காக எல்லாக் குடும்பங்களும். வங்கியில் வைத்தால் ஆண்டுக்கு ஒன்பது, பத்து சதவீத வட்டி. தனியார் அடகுக் கடை என்றால் மாதத்துக்கு இரண்டு என்று கூடக் கேட்பார்கள். கடன் அட்டையில் தேய்த்துவிட்டு நிலுவை வைத்தால் மாதம் மூன்றரை, அதாவது ஆண்டுக்கு நாற்பதுக்கு மேல். ஆகவே அந்த அம்மா வளையலை வைத்தது இருக்கிற வழிகளில் மோசமான வழி அல்ல. ஆனால் வருடந்தோறும் வைப்பதுதான் கவலைக்குரியது.

கணக்குக்கு வருவோம். 72,100-ல் துணி 18,000-ஐத் தனியே எடுத்துவிடுங்கள். துணி அவரவர் குடும்பம் அவரவர் எடுப்பது. கோவில் காணிக்கை 5,000 அத்தானுக்கும் ஆண்டவருக்கும் இடையிலானது, அதைத் தொடாதீர்கள். மீதி 49,100. இதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காதீர்கள். இடம், பாத்திரம், மின்சாரம், வேலை எல்லாம் பெரியவர் வீட்டுடையது, அதுவே ஒரு பங்கு. தம்பிகள் இருவரும் 18,000 வீதம் எடுத்துக்கொண்டால் அவர் மீது நிற்பது 13,100. அவர்கள் குடும்பம் மட்டும் தனியாகக் கொண்டாடினாலும் ஏறக்குறைய அவ்வளவு ஆகும். மதினி பிறந்த வீட்டுக்கு வருகிறவர், அவரிடம் பங்கு கேட்பதா வேண்டாமா என்பதை உங்கள் வீட்டு வழக்கப்படி முடிவு செய்யுங்கள்.

18,000 என்றால் மாதம் 1,500. ஜனவரியில் வங்கியில் ஒரு வருடத் தொடர் வைப்பு தொடங்கினால் அடுத்த டிசம்பரில் கையில் நிற்கும். அஞ்சலகத் தொடர் வைப்பு நல்லதுதான், ஆனால் அது ஐந்து வருடத் திட்டம், இதற்குப் பொருந்தாது.

அத்தான் ஆசிரியர் என்பதால் ஒன்று. பண்டிகை முன்பணம் இந்த ஆண்டு 10,000-லிருந்து 20,000 ஆக உயர்ந்திருக்கிறது. வட்டி இல்லை, தவணையாகச் சம்பளத்தில் பிடிப்பார்கள். மே மாதம் ஓய்வு பெறுகிறவருக்கு அது சரிப்படுமா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் வட்டியில்லாக் கடனும் கடன்தான், ஜனவரிச் சம்பளம் குறைந்து வரும்.

அம்பத்தூர்அக்கா
6 அக்டோபர்

எங்கள் தெருவில் பண்டிகைச் சீட்டு பிடிக்கிறார்கள். மாதம் 500 கட்டினால் டிசம்பரில் மைதா, சர்க்கரை, எண்ணெய், பாத்திரம் எல்லாம் தருகிறார்களாம். அதில் சேரலாமா?

கணக்குப்பிள்ளை
6 அக்டோபர்

பதிவு செய்த சீட்டா என்று முதலில் கேளுங்கள். 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்ட் சட்டப்படி சீட்டு நடத்துகிறவர் அரசிடம் முன்அனுமதி வாங்கிப் பதிவு செய்திருக்க வேண்டும். தெருவில் நடக்கும் பலகாரச் சீட்டுகளில் பெரும்பாலும் ஓர் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். நடத்துகிறவர் நல்லவராக இருந்தாலும் அவருக்கு ஒரு நோய்நொடி வந்தால் உங்கள் பணம் மாட்டிக்கொள்ளும். அதே 500-ஐ வங்கியில் கட்டிவிட்டு டிசம்பரில் உங்களுக்குப் பிடித்த மைதாவை நீங்களே வாங்கலாம்.

குளச்சல்குவைத்
6 அக்டோபர்

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பக்கத்தையும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் பங்கு என்ற பேச்சே கிடையாது. "அவன் குவைத்தில் இருக்கிறான்" என்பதுதான் கணக்கு. நவம்பர் பிறந்தால் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கும். தெருக் குடிலுக்கு, பங்குக் கோவில் மின்விளக்குக்கு, இளைஞர் மன்றத்துக்கு, சித்தப்பா மகள் துணிக்கு. யாருக்கும் தீய எண்ணம் இல்லை. இங்கே நான் எட்டுப் பேரோடு ஒரே அறையில் படுக்கிறேன் என்பது அங்கே தெரியாது, அவ்வளவுதான்.

நான் செய்தது இது. போன வருடம் அக்டோபரிலேயே அம்மாவிடம் ஒரு தொகை சொன்னேன். "கிறிஸ்துமசுக்கு என்னிடமிருந்து வருவது இவ்வளவு. யாருக்கு எவ்வளவு என்று நீங்களே பிரித்துக் கொடுங்கள்." அதன் பிறகு யார் அழைத்தாலும் "அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்" என்பதுதான் பதில். அம்மா கையில் போன பணத்தை ஒருவரும் கூடுதலாகக் கேட்கவில்லை. பாளைமருமகள் வீட்டிலும் அத்தை இருக்கிறார்களே. மகன்கள் அம்மாவிடம் கொடுத்தால் அண்ணன் எப்படி மறுப்பார்?

நாசரேத்ஆசிரியை
6 அக்டோபர்

நல்ல யோசனை தம்பி. அம்மா கைக்குப் போகிற பணம் தானமும் ஆகாது, பங்கும் ஆகாது.

ஏரல்வாசி
7 அக்டோபர்

எல்லோரும் எவ்வளவு, யார் என்று பேசுகிறீர்கள். எதற்கு என்பதையும் ஒரு முறை பேசிவிட்டால் நல்லது.

2023 டிசம்பர் 17, 18 எங்கள் ஊருக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஏறி ஏரல் கடைத்தெருவையே மூழ்கடித்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போன ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனதை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம்தான். வாங்கி வைத்த மாவு, சர்க்கரை, துணி எல்லாம் சேற்றில். வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு மேல் தண்ணீர்க் கோடு. சென்னையிலிருந்து யாரும் வர முடியவில்லை.

அந்த வருடம் எங்கள் சபையில் கீதபவனிக்கு வீட்டுக்கு வீடு காணிக்கை வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். பாடல் மட்டும் பாடினார்கள், அதுவும் சேறு வழித்த தெருக்களில். 25ஆம் தேதி கோவில் வளாகத்திலேயே ஒரே அடுப்பு. தெருவில் இருந்த எல்லா மதத்தினரும் அங்கேதான் சாப்பிட்டார்கள். சோறு, பருப்பு, ஒரு கூட்டு. கறி கிடையாது. பிள்ளைகள் யாரோ அனுப்பிய நிவாரணத் துணியைத்தான் போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வந்தார்கள்.

துன்பம் நல்லது என்று சொல்ல வரவில்லை. அந்த மாதிரி ஒரு டிசம்பர் எந்தப் பிள்ளைக்கும் வரவேண்டாம். ஆனால் அடுத்த வருடம் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். அந்த ஆண்டு இல்லாமல் போனதில் எதைத் தேடினோம் என்று பிள்ளைகளையே கேட்டேன். என் மகள் அச்சுமுறுக்கு என்றாள். மகன் மதுரை அத்தை பிள்ளைகள் என்றான். துணியையோ கேக்கையோ யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கிறிஸ்துமசுக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி எடுத்ததை ஒன்றாக்கிவிட்டோம். பயணத்துக்கு மட்டும் பணத்தைக் குறைப்பதில்லை.

பாளைமருமகள், உங்கள் வீட்டுக் கணக்கில் துணிதான் எல்லாவற்றிலும் பெரிய தொகை. பதினேழு பேருக்கும் அத்தான் எடுக்கிறாரா? அதை முதலில் நிறுத்துங்கள்.

பாளைமருமகள்
7 அக்டோபர்

ஆமாம் ஐயா, பதினேழு பேருக்கும். மாமா இருந்தபோது எல்லாப் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் சட்டையும் பாவாடையும் தைத்துக் கொடுப்பார்களாம். அந்த வழக்கத்தை விடக்கூடாது என்று அத்தான் செய்கிறார். நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன்.

மெஞ்ஞானபுரத்து அண்ணாச்சி, நோட்டு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அதை யாரிடமும் எடுக்கப்போவதில்லை.

பலகாரத்தைப் பற்றி ஒன்று கேட்கவேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு அனுப்பாமல் இருக்க முடியாது. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அவர்கள் நமக்குக் கொடுக்கிறார்கள். பெரிய அக்கா தனியாளாக நான்கு நாள் அடுப்படியில் நிற்கிறார்கள். கடையில் வாங்கினால் செலவு கூடுமா, குறையுமா?

தக்கலைக்காரி
7 அக்டோபர்

இது என் இடம், விரிவாகவே எழுதுகிறேன்.

முந்திரிக்கொத்துக்கு வேண்டியது வறுத்துப் பொடித்த பாசிப்பயறு, வறுத்த தேங்காய்த் துருவல், எள், கருப்பட்டிப் பாகு, தோய்ப்பதற்கு மாவு. இதில் செலவு வைப்பது இரண்டு பொருள்கள்தான்: கருப்பட்டியும் எண்ணெயும். பதநீர் இறக்கும் காலம் முடிந்து மாதங்கள் கழித்து டிசம்பரில் கருப்பட்டி தேடினால் விலையும் கூடும், சர்க்கரை கலந்ததும் தலையில் கட்டப்படும். ஜூலை, ஆகஸ்டில் உடன்குடிப் பக்கம் தெரிந்தவரிடம் மொத்தமாக வாங்கி, பானையில் ஈரம் படாமல் வைத்தால் கிறிஸ்துமஸ் வரை நிற்கும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரை ஒட்டி எதையும் விற்கிறார்கள், உடைத்துப் பார்த்து வாங்குங்கள். இந்த வருடம் காலம் கடந்துவிட்டது, இருந்தாலும் நவம்பருக்கு முன் வாங்கிவிடுங்கள்.

எண்ணெய். எங்கள் பக்கம் தேங்காய் எண்ணெயில்தான் பொரிப்போம். இந்த வருடம் அது விற்கும் விலைக்கு முழுவதும் அதில் பொரிக்க முடியாது. முந்திரிக்கொத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய், அச்சுமுறுக்குக்கும் முறுக்குக்கும் கடலை எண்ணெய் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அச்சுமுறுக்கு மாவில் தேங்காய்ப் பாலும் முட்டையும் இருப்பதால் மணம் குறையாது. முட்டை விலையும் டிசம்பரில் ஏறும், கேக் போடுகிறவர்கள் எல்லோரும் அதே வாரம்தானே வாங்குகிறார்கள்.

கடையில் வாங்கினால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு ஆகும். பணத்தை மட்டும் பார்த்தால் வீட்டில் செய்வதுதான் மிச்சம். ஆனால் உங்கள் அக்காவின் நான்கு நாள் உழைப்பை யார் கணக்கில் எழுதினார்கள்? மருமகள்கள் 24 காலையில் வந்து இறங்கும்போது டப்பா நிறைந்திருக்கிறது. நிறைத்த கையைப் பற்றிப் பேச்சு இல்லை. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, யாராவது ஒரு மருமகள் 20ஆம் தேதியே போய்ச் சேர்ந்துகொள்வது. பிள்ளைகளுக்குத் தேர்வு என்றால் அது நடக்காது. இரண்டு, முறுக்கு, கல்கல், அதிரசத்தைச் செய்து கொடுக்கும் பெண்களிடம் கூலிக்குக் கொடுத்துவிட்டு, அத்தைக்குப் பிடித்த ஒன்றை மட்டும் வீட்டில் செய்வது. கூலியை நீங்கள் கொடுங்கள். அக்கா கையில் மிச்சமாகும் மூன்று நாள்தான் நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கும் கிறிஸ்துமஸ் பரிசு.

அம்பத்தூர்அக்கா
7 அக்டோபர்

கேக் வாங்குகிறவர்கள் கவனிக்க: செப்டம்பர் 22 முதல் கேக்குக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம் ஆகியிருக்கிறது. 2,500 ரூபாய் வரை விலையுள்ள ஆயத்த ஆடைக்கும் 5 தான், அதற்கு மேல் போனால் 18. மொத்தமாகக் கேக் சொல்கிறவர்கள் பில் கேட்டு வாங்கினால் விலை குறைந்திருக்கிறதா என்று தெரியும்.

மணமகளின்அம்மா
8 அக்டோபர்

இதற்குள் என் கவலையையும் நுழைக்கிறேன், மன்னியுங்கள். மகளுக்கு மே மாதம் திருமணம் முடிந்தது. இது தலைக் கிறிஸ்துமஸ். மருமகனுக்கு மோதிரம், சம்பந்தி வீட்டார் அனைவருக்கும் துணி, பதினொரு தட்டுப் பலகாரம் என்று என் நாத்தனார் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். கல்யாணக் கடனே தீரவில்லை.

நாசரேத்ஆசிரியை
8 அக்டோபர்

பட்டியல் போட்டது உங்கள் நாத்தனாரா, சம்பந்தி வீட்டாரா? அவர்கள் கேட்காத ஒன்றை நாமே போட்டுக்கொண்டு கடன்படுகிறோம். உங்கள் மகளிடமே பேசச் சொல்லுங்கள். விரலுக்குத் தக்க வீக்கம் இருந்தால் போதும். மகளையும் மருமகனையும் அழைத்து நிறைவாக ஒரு வேளை சாப்பாடு போட்டு, இருவருக்கும் துணி எடுத்துக் கொடுங்கள். தட்டுக்கு எண்ணிக்கை வைத்தது யார்?

மணமகளின்அம்மா
8 அக்டோபர்

நாத்தனார்தான். மகளிடம் இன்றே பேசுகிறேன் அக்கா.

மெஞ்ஞானபுரத்தான்
9 அக்டோபர்

மூன்று நாட்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். தக்கலைத் தங்கை கேட்ட கேள்வியை என் வீட்டு அம்மாவிடமே கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பணம் எனக்குப் பெரிதில்லை. 26ஆம் தேதி காலையில் யாராவது எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டால் போதும்."

பங்கு என்ற சொல் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் பொறுப்பு என்றால் ஒத்துக்கொள்கிறேன். பாளைமருமகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். தம்பி பேசினால் மூத்தவனுக்குச் சுருக்கென்று படும். கூடப்பிறந்த தங்கை பேசினால் படாது. மதுரை மதினியை விட்டுப் பேசச் சொல்லுங்கள். "அண்ணா, அடுத்த வருடம் உனக்கு ஓய்வூதியம்தான் வரும். அதற்குப் பிறகும் நாங்கள் எல்லோரும் இங்கேயே வரவேண்டும் என்றால் இந்த வருடமே பழக்கத்தை மாற்று" என்று அவர் சொல்லட்டும். எல்லோரும் வராமல் போய்விடுவார்களோ என்ற பயம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான பயம். செலவைக் குறைத்தால் வருகை நின்றுவிடும் என்று நினைக்கிறோம்.

குளச்சல்குவைத்
9 அக்டோபர்

அண்ணாச்சி, கடைசி வரியை என் அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை
12 அக்டோபர்

பயணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. சென்னையிலிருந்து நான்கு பேர் ஆம்னி பஸ்சில் பண்டிகைக் கட்டணத்தில் போய்வந்தால் ஒரு குடும்பத்தின் பங்கே அதில் போய்விடும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, முன்புபோல் 120 நாள் இல்லை. டிசம்பர் 23 இரவுப் பயணத்துக்கு அக்டோபர் 24 காலை எட்டு மணி. தீபாவளி முடிந்த நான்காம் நாள், அந்த அலுப்பில் மறந்துவிடாதீர்கள். நெல்லை, கன்னியாகுமரி, முத்துநகர் விரைவு ரயில்கள் எல்லாம் நிமிடங்களில் நிரம்பும். ஜனவரி 3 திரும்புவதற்கு நவம்பர் 4.

பாளைமருமகள்
26 அக்டோபர்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மதினிதான் பேசினார்கள். முதல் நாள் அத்தான் ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை அத்தையிடம் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே என் கணவரை அழைத்து, "யார் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

கறி, மீன், கோழி நடு அத்தான். மளிகையும் சிலிண்டரும் கேக்கும் நாங்கள். மதினி கேட்காமலேயே பலகாரக் கூலியை ஏற்றுக்கொண்டார்கள், பாளையிலேயே செய்து தருகிற பெண்களை அவர்களே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். முந்திரிக்கொத்து மட்டும் வீட்டில். பாசிப்பயற்றை நான் இங்கேயே வறுத்துப் பொடித்துக் கொண்டுபோகிறேன். துணி அவரவர் குடும்பம். பேரப்பிள்ளைகளுக்கு ஒரே துணி என்ற மாமாவின் வழக்கத்தை விட அத்தானுக்கு மனம் வரவில்லை, ஆகவே ஏழு பிள்ளைகளுக்கும் துணியை மட்டும் அவர் எடுத்து அனுப்புகிறார், தையற்கூலி அவரவர் ஊரில் அவரவர். கீதபவனிக் காணிக்கையையும் நட்சத்திரத்தையும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார், அது வீட்டுக்காரர் செய்யவேண்டியதாம். வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுப்பதும் அப்படியே.

ஒன்று மட்டும் மனத்தில் இருக்கிறது. பெரிய அக்கா என்னிடம் பேசும்போது கொஞ்சம் ஒதுங்கியே பேசுகிறார்கள். யார் மூலம் இந்தப் பேச்சு தொடங்கியது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். நேரில் போய்த்தான் சரிசெய்யவேண்டும்.

24ஆம் தேதி எட்டு மணிக்கு உட்கார்ந்து டிக்கெட் எடுத்துவிட்டோம். நான்கு பேருக்கும் ஒரே பெட்டியில் கிடைத்தது.

தக்கலைக்காரி
26 அக்டோபர்

பயற்றை ரொம்பப் பொடியாக அரைக்காதீர்கள், கரகரப்பாக இருந்தால்தான் பாகில் பிடிக்கும். அக்காவிடம் எதையும் விளக்கிச் சொல்லப் போகாதீர்கள். 24ஆம் தேதி பெட்டியை வைத்ததும் நேரே அடுப்படிக்குப் போங்கள்.

நாசரேத்ஆசிரியை
26 அக்டோபர்

அத்தைக்குச் சேலை யார் எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லையே?

பாளைமருமகள்
26 அக்டோபர்

நான்கு பேரும் சேர்ந்து, அக்கா. அத்தையே விலையும் சொல்லிவிட்டார்கள்: ஆயிரத்துக்கு மேல் போகக்கூடாது, கஞ்சி போடாத பருத்தி. திரும்பும் டிக்கெட்டுக்கு நவம்பர் 4 காலை மறுபடி உட்காரவேண்டும், அலாரம் வைத்திருக்கிறேன்.